அத்தான் போட்ட மார்க்கு

கிரிக்கெட் புத்தகங்களுக்கு மார்க்குப் போடுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு நோட்டு இருந்தது. பலசரக்குக் கடைகளில் பற்று எழுதுவார்களே, அந்த நீளக் கணக்கு நோட்டு. இடது பக்கம் புத்தகத்தின் பெயர், எழுதியவர், வெளிவந்த வருசம், வாங்கிய இடம், விலை. வலது பக்கம் இரண்டு பத்தி. சிவப்பு மை அத்தானுடையது, நீல மை என்னுடையது. மார்க்கு பத்துக்கு. அதற்கும் அப்பால் இருந்த சின்ன இடத்தில் ஒரு சொல் எழுதுவோம்: கொள்ளாம், குழப்பமில்லை, சவம். பத்தில் எத்தனை என்பதைவிட அந்தச் சொல்லுக்குத்தான் சண்டை அதிகம் நடக்கும்.

அத்தான் என் அத்தை மகன். மெட்ராஸில் ஏ.ஜி. ஆபீஸில் வேலை. பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் ஊருக்கு வருவார். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வருவதற்கு முந்தைய காலம். ராத்திரி முழுக்கத் திருவள்ளுவர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து வடசேரியில் இறங்குவார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி எடுத்த புத்தகங்கள். எவனோ ஒரு துரை வாசித்து விட்டுப்போன ஃபிங்கில்டனின் 'கிரிக்கெட் கிரைசிஸ்' அப்படித்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. பாடிலைன் தொடரில் ஆடியவரே எழுதியது. முதல் பக்கத்தில் மங்கிய ஊதா மையில் யாரோ ஒருவரின் கையெழுத்து, ஊட்டி என்ற முகவரி. 1985ல் மூர் மார்க்கெட் எரிந்த செய்தி வந்தபோது அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இந்து பத்திரிகைக்காரர்கள் வருசா வருசம் போட்ட 'இந்தியன் கிரிக்கெட்' தொகுப்புகளும் அந்தப் பையில்தான் வந்தன. எஸ்.கே. குருநாதன் ஆரம்பித்து வைத்தது. ரஞ்சி ஆட்டம் ஒவ்வொன்றின் ஸ்கோரும் அதில் இருக்கும். கணக்கு உத்தியோகத்தில் இருந்த அத்தானுக்கு அது வேதம். பென்சிலால் கூட்டிப் பார்ப்பார். எக்ஸ்ட்ராஸ் இடித்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார்.

நாங்கள் ஆடிய கிரிக்கெட்டை நினைத்தால்தான் இந்தப் புத்தகங்கள் எங்களுக்கு என்னவாக இருந்தன என்று சொல்ல முடியும். கடற்கரை ஊர்களில் ஃபுட்பால்தான் ராஜா. தூத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் மணலில் வெறுங்காலால் ஆடுவதைப் பார்த்தால் வேறு ஆட்டம் எதற்கு என்று தோன்றும். சுந்தர ராமசாமியின் நாவல் நாயகன் ஜே.ஜே.கூட ஃபுட்பால் ஆடியவன்தானே. உள்நாட்டில், வயல் சூழ்ந்த எங்கள் ஊர்களில், கும்பப்பூ அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்குத் தண்ணீர் திறக்கும் வரைக்கும்தான் கிரிக்கெட். தாளடியை மிதித்துச் சமப்படுத்தி, வரப்பை எல்லைக் கோடாக வைத்து ஆடுவோம். தென்னை மட்டையைச் செதுக்கினால் பேட். குலசேகரம் பக்கமிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் ரப்பர் ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்து கிடைக்கும். அது எம்பினால் தலைக்கு மேலே போகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகையில் எதிர்க்காற்றில் பந்து போடுகிறவனுக்குக் கை கழன்றுவிடும்.

பெரிய ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. காதால் கேட்டோம். விடியுமுன் ரேடியோ ஆஸ்திரேலியாவின் சிற்றலை, இரைச்சலுக்கு நடுவே மெக்கில்வ்ரேயின் அடித்தொண்டைக் குரல். 1977-78ல் பேடியின் அணி அங்கே போய் 3-2 என்று தோற்றதை ஒவ்வொரு காலையும் கருப்பட்டிக் காப்பியோடு கேட்டிருக்கிறேன். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் தமிழிலேயே வர்ணனை வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் அப்போது கோட்டாறு கடைத்தெருவை அப்படியே நிறுத்தி வைக்கும். ஆனால் கேட்பது காற்றோடு போய்விடும். அந்த மைதானம் எப்படி இருக்கும், ராபர்ட்ஸ் ஓடி வரும்போது முகம் எப்படி இருக்கும், ஆட்டம் முடிந்த ராத்திரி ஆடியவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில்தான் கிடைத்தது. எங்கள் மார்க்குக்கு முதல் அளவுகோல் அதுவே: வாசித்து முடித்துக் கண்ணை மூடினால் ஆட்டம் தெரிய வேண்டும்.

அத்தான் பார்த்த பெரிய ஆட்டம் ஒன்று உண்டு. 1975 பொங்கல் டெஸ்ட். ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த அந்த இன்னிங்ஸில் இந்தியா மொத்தமே 190. அதில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. கடைசி ஆள் சந்திரசேகர் அவுட்டாக, சதத்துக்கு மூன்று ரன் பாக்கி நின்றுபோனது. அத்தான் அதை ஷாட் ஷாட்டாகச் சொல்வார். ஒரு தடவை சொன்னது போல மறுதடவை இருக்காது, ஆனால் ஸ்கொயர் கட் மட்டும் மாறவே மாறாது. கிரிக்கெட் ஆண்டுநூல் போடும் விஸ்டன் 2001ல் உலகின் சிறந்த நூறு இன்னிங்ஸ் என்று பட்டியல் போட்டபோது அந்த 97ம் அதில் இருந்தது. சதங்களுக்கு நடுவே ஒரு 97. அத்தான் அந்தப் பத்திரிகைத் துண்டை நோட்டில் ஒட்டிவைத்தார்.

நோட்டில் முதலில் ஏறிய புத்தகங்களில் கவாஸ்கரின் 'சன்னி டேஸ்' ஒன்று. 1976ல் வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த மறுநாளே குழந்தை மாறிப்போனதையும், காது மடலருகே இருந்த சின்னத் துளையை முதல் நாளே கவனித்திருந்த மாமா, இது நம் பிள்ளை இல்லை என்று கண்டுபிடித்ததையும், தேடிப் போனால் ஒரு மீனவப் பெண்ணின் பக்கத்தில் கவாஸ்கர் தூங்கிக்கொண்டிருந்ததையும் அத்தான் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். அத்தை மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "செரி மக்களே, மத்த பிள்ளை என்னாச்சு? அது அதுக்க அம்மைகிட்ட போய்ச் சேந்துதா?" அத்தானுக்குப் பதில் தெரியவில்லை. பல வருசம் கழித்து வேறு எதற்கோ அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதும் எனக்கு அத்தையின் கேள்விதான் முதலில் வந்தது. 'சன்னி டேஸ்' புத்தகத்துக்கு அத்தான் 7, நான் 8. கிங்ஸ்டன் ஆட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தில் கோபம் கூடிவிட்டது என்று ஒரு மார்க்கு குறைத்தார். அந்தக் கோபம்தான் எனக்குப் பிடித்திருந்தது. தலைக்கு நேராகப் பந்து வந்துகொண்டிருந்தபோது நின்றவன் அவன்.

பெரிய சண்டை கார்டஸுக்காக நடந்தது. 1979ல் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் எங்களுக்கு ஒரு புது உலகமே திறந்தது. அங்கே தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் லைப்ரரி. சத்தமில்லாத, குளிர்ந்த அந்த அறையில் மஞ்சள் அட்டை விஸ்டன்கள் வரிசையாக நின்றன. நெவில் கார்டஸின் கட்டுரைகளை அங்கேதான் படித்தேன். இசை விமர்சகர், ஆட்டத்தையும் அப்படித்தான் கேட்டார். ஸ்கோரை மதிக்க மாட்டார். ஆட்டக்காரர்கள் சொன்னதாக அவர் எழுதியவற்றில் பல அவரே புனைந்தவை என்று பிற்பாடு எல்லாருக்கும் தெரிந்துபோனது. நான் 9 போட்டேன். அத்தான் 4 போட்டு, ஓரத்தில் 'கணக்கு இடிக்கிறது' என்று எழுதினார். ஒருவன் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது அவருக்குக் கள்ள வவுச்சர். பத்து வருசமாவது அந்த 4 அப்படியே நின்றது. பிறகு ஒரு விடுமுறையில் பேசாமல் அதை அடித்து 7 போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "விஸ்வநாத்துக்க 97ஐ நான் சொல்லுகதும் அப்பிடித்தானே இருக்கு" என்றார்.

விஸ்டனில் ஜான் ஆர்லட் வருசா வருசம் எழுதிய புத்தகப் பகுதியை அத்தான் அங்கேயே உட்கார்ந்து கையால் பிரதி எடுப்பார். ஆர்லட் போலீஸ்காரராக இருந்தவர், கவிதை எழுதியவர், வானொலியில் உலகமே கேட்ட குரல். 1950லிருந்து ஏறத்தாழ நாற்பது வருசம், அந்தந்த வருசம் வந்த கிரிக்கெட் புத்தகங்களையெல்லாம் வாசித்து விஸ்டனில் எழுதினார். சின்ன கிளப் ஒன்று தன் ஐம்பதாம் ஆண்டுக்குப் போட்ட துண்டுப் பிரசுரத்துக்கும் அவரிடம் இரண்டு வரி உண்டு. அந்தப் பெருந்தன்மை அத்தானைக் கவர்ந்தது. நம் நோட்டிலும் எதையும் விட்டுவிடக் கூடாது என்பார். வசந்த் ராய்ஜி ரஞ்சியைப் பற்றியும் துலீப்பைப் பற்றியும் எழுதிய மெலிந்த நூல்களுக்கும் ஆயிரம் பக்க விஸ்டனுக்கும் ஒரே அளவு இடம் நோட்டில் கிடைத்தது.

சி.எல்.ஆர். ஜேம்ஸின் 'பியாண்ட் எ பவுண்டரி' மட்டும் அந்த வரியில் அடங்கவில்லை. ஒரு முழுப் பக்கம் எடுத்துக்கொண்டது. 1963ல் வந்த புத்தகம். டிரினிடாடில் டுனபுனா என்ற சிற்றூர். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு ஏறி நின்றால் மைதானம் தெரியும் வீடு. ஊருக்குள் ஆகாதவன் என்று பேரெடுத்த மேத்யூ பாண்ட்மன், கையில் பேட் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவான். அதற்குப் பிறகு வருகிறது கிளப்புகளின் கதை. வெள்ளையருக்குக் குயின்ஸ் பார்க். சற்று வெளிறிய தோல்காரருக்கு மேப்பிள். கறுப்பு நடுத்தர வகுப்புக்கு ஷானன், கான்ஸ்டன்டைன் ஆடியது அங்கே. கூலிக்காரருக்கு ஸ்டிங்கோ. எந்த நிறம் எந்த கிளப்பில் என்பது எழுதாத சட்டம். மேப்பிள், ஷானன் இரண்டிலும் இடம் கிடைக்கக்கூடிய ஜேம்ஸ் மேப்பிளில் சேர்ந்தார். அது தன்னை மக்களிடமிருந்து பல வருசம் பிரித்துவிட்டது என்று அவரே எழுதுகிறார்.

இதை நாஞ்சில் நாட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு விளக்கம் தேவையில்லை. தோளில் சீலை போடுவதற்கே 1859 வரை பெண்கள் போராடிய மண் இது. கோயில் வாசல் எல்லாருக்கும் திறந்தது 1936ல். அத்தானின் அப்பா அந்த நாளைப் பார்த்தவர். எங்கள் சிறுவயதில் டீம்கள் தெருவுக்குத் தெரு பிரிந்திருந்தன. தெரு என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மேலத்தெரு டீமுக்குக் கீழேயிருந்து ஒரு நல்ல பவுலரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஆட்டம் முடிந்ததும் மோர் குடிக்க அவன் மட்டும் திண்ணைக்கு வரமாட்டான். அவன் வரப்பில் நின்று இரண்டு கையையும் குவித்துக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பின்னாளில் ராமச்சந்திர குஹாவின் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' (2002) புத்தகத்தில் பல்வங்கர் பாலுவைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பையன்தான் வந்தான். 1911ல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்த பாலுவுக்குப் பூனா மைதானத்தில் பெவிலியனுக்கு வெளியே மண் குவளையில் தேநீர். இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரை ஒருநாளும் ஆக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923ல்தான் அது கிடைத்தது.

ஜேம்ஸுக்கு நான் 10 போட்டேன். அந்த நோட்டில் என் ஒரே பத்து. அத்தான் 9.

"மேப்பிள்ல சேந்தாரே மக்கா. அதுக்கு ஒண்ணு."

"அது தப்புன்னு அவரே எழுதியிருக்காரே அத்தான்."

"எழுதுனதுனாலதான் 9. இல்லேன்னா 6தான்."

அத்தான் மேலத்தெரு டீமின் கேப்டனாக இருந்தவர். அந்த ஒரு மார்க்கை அவர் யாருக்காகக் குறைத்தார் என்பதை நான் கேட்கவில்லை.

சுஜித் முகர்ஜியின் 'ஆட்டோபயோகிராஃபி ஆஃப் அன் அன்னோன் கிரிக்கெட்டர்' (1996) இருவரும் ஒரே மார்க்குப் போட்ட அபூர்வப் புத்தகம்: 9. பீகாருக்காக ரஞ்சியில் சில ஆட்டம் ஆடிய பேராசிரியர். பேர் வாங்காத ஒருவன் இந்த ஆட்டத்தை எவ்வளவு நேசிக்க முடியும் என்று அதில் இருக்கிறது. அத்தான் ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தார்.

தமிழ்ப் புத்தகம் நோட்டில் மிகக் குறைவு. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை நான்தான் ஏற்றினேன். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த காலத்துக் கதை, அதன் நாயகன் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரிகிறவன். இது கிரிக்கெட் புத்தகமே இல்லை என்று அத்தான் வாதாடினார், பிறகு 8 போட்டார்.

இப்போது அந்த வயல்களில் பாதி மனையாகிவிட்டது. திருவனந்தபுரத்து பிரிட்டிஷ் லைப்ரரியை மூடிவிட்டார்கள். 'இந்தியன் கிரிக்கெட்' நின்றுபோய் வெகுகாலமாகிறது. அத்தான் பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்த கணக்குகள் எல்லாம் கிரிக்இன்ஃபோவில் ஒரு நொடியில் வருகின்றன. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பத்ரி சேஷாத்ரி பிற்பாடு தமிழ்ப் பதிப்பாளரானதைச் சொல்லியிருந்தால் அத்தானுக்குப் பெரிய சந்தோசமாக இருந்திருக்கும். அவர் போன பிறகு வந்தது ஷெஹான் கருணதிலகவின் 'சைனாமேன்'. காணாமல் போன ஒரு தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளனை, இல்லாத ஒருவனை, இலங்கை முழுக்கத் தேடும் நாவல். வாசித்த பலர் அப்படி ஒருவன் உண்மையில் இருந்தானா என்று தேடிப்போனார்கள். அத்தான் இருந்திருந்தால் ஸ்கோர் அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

புத்தகங்களில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. எங்கள் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காகிதம் காய நேரமே கிடைக்காது. மர அலமாரியின் அடித்தட்டில் கறையான் ஏறி, ஐம்பதுகளின் 'இந்தியன் கிரிக்கெட்' முழுவதும் போய்விட்டது. எஞ்சியவற்றை வேப்பிலைச் சருகு போட்டு வைத்திருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அத்தான் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு 'வர வேண்டியவை'. அவர் வாசிக்க ஆசைப்பட்டு, கிடைக்காத புத்தகங்கள். பொங்கல் டெஸ்டுகளின் கதை, தமிழில். சென்னைத் தெருவில் ஆடி வளர்ந்து இந்தியாவுக்கு ஆடிய ஒரு பையனின் கதை. ஆல் இந்தியா ரேடியோவில் தமிழ் வர்ணனை உருவான கதை. அறுத்த வயலில் ஆடியவர்களின் கதை. 2024ல் அஸ்வினின் 'ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்' வந்தது. இங்கிலீஷ்தான், இருந்தாலும் மேற்கு மாம்பலத்துத் தெருவும் வீட்டுக்காரர்களின் திட்டும் அதில் இருக்கின்றன. நீல மையில் 8 போட்டு, அந்த இரண்டாவது வரியை அடித்தேன். வர்ணனைக் கதைக்கு ஆள் தேடுகிறேன். அப்துல் ஜப்பார் 2020ல் போய்விட்டார். வர்ணனைப் பெட்டியில் அவரோடு உட்கார்ந்தவர்களும், கோட்டாற்றில் கடையை நிறுத்தி வைத்துக் கேட்டவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒரு டேப் ரிக்கார்டரோடு அவர்களிடம் போய் உட்காரும் இளைஞன் யாராக இருந்தாலும், என்னிடம் மிஞ்சியிருக்கும் புத்தகங்களையும் இந்த நோட்டையும் அவனுக்குக் கொடுத்துவிடுவேன்.