"நல்ல பாஸ்டர்னா எப்படி இருக்கணும்?" - அம்மா சொன்ன பதில் என் லிஸ்ட்லயே இல்லை!

'ஒரு போதகரிடம் மக்கள் என்னென்ன எதிர்பார்க்கிறார்கள்?' - பத்துப் பேரிடம் கேட்டு ஒரு லிஸ்ட் போட வேண்டும். ஆபீஸில் கொடுத்த வேலை அவ்வளவுதான். லீவுக்குப் பாளையங்கோட்டை பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்ததால், அங்கேயே கேட்டுவிட்டேன். எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவர்களை மடக்கினேன்.

"பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது" என்றார் ஒரு தாத்தா. "காணிக்கைக் கணக்கு சுத்தமா இருக்கணும்" என்றார் கடைக்கார மாமா. "சாதி பார்த்து, வசதி பார்த்து வீடு சந்திக்கக் கூடாது" என்றார் ஒரு டீச்சர். "பெண் ஆயர் வந்தா நல்லாருக்கும்க்கா. சில விஷயத்தை அவங்ககிட்டதான் சொல்ல முடியும்" என்றாள் காலேஜ் படிக்கும் ஒரு பெண். சி.எஸ்.ஐ.யில் பல வருடங்களுக்கு முன்பே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊருக்குத்தான் இன்னும் ஒருவர்கூட வரவில்லை.

பைபிளிலும் இப்படி ஒரு லிஸ்ட் உண்டு. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 3-ம் அதிகாரம். உபசரிக்கிறவர், போதிக்கத் தெரிந்தவர், சண்டைக்குப் போகாதவர், பண ஆசை இல்லாதவர்... ஏறக்குறைய எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதேதான்.

கடைசியாக அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"கேட்டத வெளிய சொல்லாத ஐயரா இருக்கணும்ட்டி. அவ்ளோதான்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

நான் ஏழாவது படித்தபோது அப்பா தினமும் குடிப்பார். தாங்க முடியாமல் அம்மா, அப்போதிருந்த ஐயரிடம் போய் அழுதிருக்கிறார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், 'நம் சபையில் ஒரு தகப்பன் இருக்கிறார்...' என்று ஆரம்பித்தார் அவர். பெயரைச் சொல்லவில்லை. ஆனால், முன்வரிசைத் தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அன்று ராத்திரி வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அதன்பிறகு அப்பா கோயிலுக்கு வரவில்லை. அம்மா வந்தார், யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அவர் மாற்றலாகிப் போய் வேறொரு ஐயர் வந்தார். வீடு சந்திக்க வந்தபோது அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். ஐயரும் அங்கேயே போனார். 'ஏன் கோயிலுக்கு வரலை' என்று கேட்கவில்லை. "மாடு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று கேட்டார். காபி குடித்தார், சின்னதாக ஒரு ஜெபம், கிளம்பிவிட்டார். நாலைந்து தடவை இப்படித்தான்.

ஒருநாள் ராத்திரி அப்பாவே ஐயர் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சிகிச்சைக்குப் போனார், மறுபடி குடித்தார், மறுபடியும் போனார். இப்போது ஒன்பது வருடமாகத் தொடவில்லை. அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம்கூட அந்த ஐயர் சொன்னதில்லை.

கத்தோலிக்கச் சபையில், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நேரடியாக வெளியே சொல்லும் குருவானவரைச் சபையிலிருந்தே விலக்கும் சட்டம் உண்டு. எங்கள் பக்கம் எல்லாம் அந்தந்த ஐயரின் மனசைப் பொறுத்ததுதான்.

இதை எழுதி முடித்ததும் எனக்குத் திக்கென்றது. அந்தப் பழைய ஐயர் செய்ததைத்தானே நானும் செய்கிறேன்? போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"போடு. என்னைமாதிரி எவனாவது படிப்பான். ஆனா, அன்னைக்கு ஐயர்ட்ட என்ன சொன்னேன்னு மட்டும் கேக்காத."

கேட்கவில்லை.