தாயையும் கேட்போம்

குழந்தை பிறந்த வீட்டில் கூட்டத்திற்குக் குறைவிராது. வருவோர் அனைவரும் தொட்டிலை நோக்கியே நடப்பர். கட்டிலில் கிடப்பவளின் முகத்தைப் பார்ப்போர் சிலரே.

கோவை கோட்டைமேட்டில் நமக்குப் பழக்கமான இல்லமொன்றில் அத்தகைய தாயொருத்தியைக் கண்டோம். பிள்ளை உறங்கினும் அவள் உறங்குவதில்லை. கண்ணேறு என்றார் ஒருவர். ஈமான் குறைவு என்றார் மற்றொருவர். நாற்பது கழிந்தால் தெளிவாள் என்றனர். நாற்பதும் கழிந்தது, தெளிவு வரவில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்குச் சென்றாள். பிள்ளையை எடை பார்த்து ஊசியிட்டனர். அவளை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்தில், செவிலிப் பணி புரியும் உறவுப்பெண் தனித்திருந்து வினவியபோதுதான், இறந்துவிட எண்ணியதைச் சொல்லி அழுதாள். மருத்துவம் பெற்று இன்று நலமாயிருக்கிறாள். அந்த ஒரு கேள்விக்கு ஐந்து மாதங்கள் ஆயின.

இது மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு எனும் நோய். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களைப் பேற்றுக்கு முன்னும் பின்னும் கண்டு ஆராய்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 11 பேருக்குப் பேற்றின் பின் இந்நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. வறுமை, ஆண்மகவை விரும்பிய இடத்தில் பெண் பிறத்தல், மாமியாருடன் பிணக்கு, கைகொடுப்பார் இன்மை ஆகியவை இதனோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. இவற்றுள் எது நம் கொங்கு நாட்டில் இல்லை?

கண்டறியும் வழியோ எளிது. 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகளே உள்ளன. சென்ற 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, துயரால் உறக்கம் கெட்டதா, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் எழுந்ததா என அது வினவும். அதன் தமிழ் வடிவமும் சோதித்துப் பார்க்கப்பட்டு 2005-இல் வெளிவந்துவிட்டது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இல்லந்தேடிச் சென்று இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் பார்க்கிறது. அவ்வாறே, ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் இக்கேள்விகளைக் கேட்பது எங்கும் வழக்கமாதல் வேண்டும். தாள் மட்டும் போதாது. மாமியார் செவியில் விழாத ஓரிடம் வேண்டும். ஐயத்திற்குரியவளை மருத்துவரிடம் சேர்ப்பிப்பார் வேண்டும். கேட்டுவிட்டுக் கைவிடுதல் கேளாமையினும் கொடிதன்றோ?

ஈமான் குறைவென்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். பேற்று நோவில் மர்யம் (அலை) அவர்கள் மரணத்தை விழைந்ததைத் திருமறை மறைக்கவில்லை. அவர்களுக்குக் கிட்டியது கடிந்துரையன்று. ஆறுதல் மொழியும் நீரும் பேரீத்தங்கனியுமே.

அரசின் மனநல உதவிக்கு 14416 என்னும் எண் உண்டு. அதற்கும் முன்னதாக, வீட்டிலுள்ள நாம் தொட்டிலிலிருந்து கண்ணைச் சற்றே திருப்புவோம்.