சைனா பஜாரில் ஒரு ரேசர் வேட்டை

சென்னையில் 'பிளேடு' என்ற வார்த்தைக்கு மூன்று அர்த்தம் உண்டு. ஆபீசில் பக்கத்து சீட்காரர் போடுவது ஒன்று. கூட்டமான பஸ்ஸில் நம் பாக்கெட்டில் விழுவது இன்னொன்று. மூன்றாவது, நிஜ பிளேடு. அதைத் தேடித்தான் போன சனிக்கிழமை அக்கா மகனோடு பாரிமுனைக்குப் போனேன்.

பையனுக்கு வயது 22. திங்கட்கிழமை முதல் வேலையில் சேர வேண்டும். தினமும் மழுமழுவென்று ஷேவ் பண்ணிக்கொண்டு வாடிக்கையாளர்களைப் பார்க்கிற வேலை. இவனுக்கோ கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிகள். மீசை அரும்பும் முன்பே அப்பாவை இழந்தவன். ஷேவ் பண்ண யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. டி.வி. விளம்பரம்தான் குரு!

உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் ரோடு. பழைய பெயர் சைனா பஜார் ரோடு. இங்கே தெருவுக்கு ஒரு சரக்கு. தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி, சாமி படம். ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம், கல்யாணப் பத்திரிகை. பத்திரிகைக் கடையைப் பையன் ஓரக்கண்ணால் பார்த்தான். "முதல்ல மூஞ்சி, அப்புறம் முகூர்த்தம்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு சந்துக்குள் சலூன் சாமான் கடை. சீப்பு, கத்தரிக்கோல், பிரஷ், படிகாரக் கல். கல்லாவில் இருந்த பெரியவர் பையனின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"எத்தனை பிளேடு தம்பி?"

"அஞ்சு சார்."

"ஒரு முடிக்கு அஞ்சு பேரா? முதல் பிளேடு முடியை இழுக்கும். அடுத்தது தோலுக்குக் கீழே போய் வெட்டும். வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழி தெரியாம உள்ளேயே சுருண்டு வளரும். அதான் இந்தப் பொரி."

மூன்று ரேசர்களை எடுத்து வைத்தார். ஒன்று, பிடியைத் திருகினால் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி தலை திறப்பது. "பார்க்க ஜோர். ஆனா உள்ளே சோப்பு சேரும், சுத்தம் பண்றது கஷ்டம்." இரண்டாவது, பிளேடுக்குக் கீழே சீப்புப் பல். "நாலு நாள் தாடிக்கு நல்லது. புதுசா பழகறவனுக்கு வேணாம்." மூன்றாவது, மூடி, தட்டு, பிடி என்று மூன்றே துண்டு. பிளேடுக்குக் கீழே நேரான விளிம்பு. "இதை எடுத்துக்கோ. பிளேடு மாட்டினதும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரியணும். ஒரு பக்கம் தூக்கலா இருந்தா அப்படியே திருப்பிக் கொடு."

இந்த ஐடியாவின் மூலவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். தேய்ந்தால் தூக்கி எறியும் மெல்லிய பிளேடு அவர் கனவு. 1901-ல் கம்பெனி ஆரம்பித்தார். 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு! நம்மாளாக இருந்தால் கடையை மூடிவிட்டு ஜாதகம் பார்த்திருப்பார். அவர் மூடவில்லை. 1904-ல் பேட்டண்ட்டும் கிடைத்தது.

நான் பி.காம். ஆதலால் கணக்குப் போட்டேன். ரேசர் மூலதனச் செலவு, ஒரே தடவை. பிளேடு நடப்புச் செலவு. ஒரு பிளேடின் விலை ஒரு டீயை விடக் குறைவு. நாலைந்து ஷேவ் தாங்கும். முதல் சம்பளம் வராத பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெரியவர் பாடத்தையும் இலவசமாக நடத்தினார். குளித்த பிறகு ஷேவ். பிரஷ்ஷில் நன்றாக நுரை. பிடி சுமார் 30 டிகிரி சாய்வு. முடி வளரும் திசையில் சின்னச் சின்ன இழுப்பு. "அழுத்தாதே தம்பி. ரேசரோட கனமே வேலை செய்யும். இன்னிக்குக் கன்னத்துல மட்டும் பழகு, கழுத்துக்கு லீவு விடு. திங்கக்கிழமை கழுத்துல ஒரே தடவை. கீறினா படிகாரத்தை நனைச்சுத் தடவு."

பிளேடு பாக்கெட்டுகளைப் பரப்பினார். பையன் ஒன்றைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, அப்பா எது யூஸ் பண்ணுவார்?"

"டோபாஸ்டா. ரேசர்கூட இதே மூணு துண்டுதான்."

வேறு எதையும் பார்க்கவில்லை. டோபாஸ் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டான்.