அம்மாவுக்கும் சிப்புக்கும் ஒரே கூலர்

மே மாதத்து டெல்லியில் மொட்டைமாடி அறை என்பது மூடி போட்ட இட்லிப் பானை. கரோல்பாகில் அப்படியொரு பர்சாத்தியில் குடியிருந்த தமிழ் இளைஞரின் கம்ப்யூட்டர், 2002 கோடையில் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் உறைந்து நின்றது. கட்டடக் கலைஞர்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருவது அவர் தொழில். ஒரு படம் முடிய ஆறு மணி நேரம் ஆகும். ஐந்தாவது மணியில் திரை அசையாது. கடனில் வாங்கிய மெஷின். தவணை மட்டும் நிற்காமல் ஓடியது.

1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய அந்த சிப் 60 வாட் வெப்பம் கக்கியது. அறையே 44 டிகிரியில் கொதிக்கும்போது அதன் தலையில் சுழலும் குட்டி ஃபேன் அனலைத்தானே வீசும்? தண்ணீரோ, அதே கன அளவுள்ள காற்றைவிட சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். பெரிய கம்ப்யூட்டர்களில் 1960களிலேயே வந்துவிட்ட வித்தைதான் இது.

காஷ்மீரி கேட்டில், பழைய காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய செம்பு ரேடியேட்டர் கிடைத்தது. ஏர்கூலரின் பம்ப், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூப், சிப்பின் மேல் உட்கார வைக்க உள்ளே துளையிட்ட அலுமினியக் கட்டி. ஊற்றியது குழாய்த் தண்ணீர். மூன்றாவது வாரம் ட்யூபில் வெள்ளைக் குழம்பு மிதந்தது. செம்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் நின்றால் அது பேட்டரி, அரிக்கப்படுவது அலுமினியம். பள்ளிப் பாடம்தான், பரீட்சையோடு மறந்து போனது. சூட்டில் இளகிய ட்யூபும் ஒரு நாள் நழுவ, கிராபிக்ஸ் கார்டு போனது. ஒரு மாதத் தவணை அதோடு.

அடுத்த கட்டியைச் செம்பிலேயே செய்தார். சாவ்ரி பஜாரில் வாங்கிய தடித்த பட்டையில் துளையிட்டு, மூடி பற்றவைத்து, கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்து இரண்டு இரவு தேய்த்தார், முகம் தெரியும்வரை. குழாய்த் தண்ணீருக்குப் பதில் பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் கிளிப். கம்ப்யூட்டரை அணைத்து வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிட்டார்.

ஒழுகவில்லை. ஆனால் ரேடியேட்டர் வெப்பத்தை அறைக்கு மாற்றுமே தவிர, தண்ணீரை அறையைவிடக் குளிர்விக்காது. பிற்பகலில் மறுபடி தகராறு. வீட்டில் குளிர்ந்த காற்று வரும் ஒரே இடம் ஏர்கூலரின் வாய். அதன் எதிரே தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மாவின் கட்டில்.

கேட்கத் தயங்கினார். அம்மாவே கேட்டாள்: "ஏண்டா, அந்தப் பொட்டிக்கும் வெக்கையா? இப்படி வையேன்."

கூலர் ஜன்னலின் மூலையில் ரேடியேட்டரைக் கட்டினார். 60 வாட் என்பது ஒரு பல்பின் சூடுதான். கட்டிலில் படுத்தவருக்குத் தெரியவில்லை. லூ வீசும் வறண்ட ஜூனில் கூலர் பிரமாதமாக வேலை செய்தது, படங்கள் இரவு பகலாக முடிந்தன. ஜூலையில் மழை இறங்கியதும் கூலர் ஈரத்தைத்தான் கக்கியது. அதற்குள் அறையின் சூடே தணிந்திருந்தது.

ஊருக்குக் கிளம்பும்வரை, காலையில் காபிக்கு முன் அந்தச் செய்தித்தாளைத் தடவிப் பார்த்து, "ஈரமில்லைடா, போடு" என்று சொல்வது அம்மாவின் வேலையாயிற்று.