பாதி டாக்டரா, முழு நர்ஸா?

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பள்ளி நண்பன் ஒருவனோடு பெரிய வாக்குவாதம். அவன் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். "நர்ஸ்களை வைத்து வைத்தியம் பார்ப்பது, கிராமத்துக்காரனுக்குப் பாதி டாக்டர் போதும் என்று சொல்வதுதானே?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் எங்கள் அப்பாயிதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், வேப்பூர் ஒன்றியம். அம்மா பிறந்த ஊர் அரியலூர் பக்கம். நான் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். 2007 நவம்பரில்தான் பிரிந்தது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். எங்கள் பக்கத்துக்குப் பெருமையான விஷயம்தான். ஆனால் அப்பாயிக்கு இருப்பது பிரஷர். அதற்கு மருத்துவக் கல்லூரி வேண்டாம். மாதம் தவறாமல் மாத்திரை வேண்டும், அதைப் போடுகிறாளா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

ஒருநாள் சப் சென்டர் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, "ஆயா, மாத்திரை அட்டையக் கொண்டா பாப்போம்" என்றார். அட்டை அப்படியே முழுசாக இருந்தது. "தலசுத்தல்தான் நின்னுபோச்சே ஆத்தா, அப்பறம் எதுக்கு மாத்திர?" என்றாள் அப்பாயி. நர்ஸம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தார். அளவு எகிறியிருந்தது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் பேசி, மறுநாள் அனுப்பி வைத்தார்.

இதில் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சின்ன வேலையைச் செய்ய ஆள் இல்லாமல்தான், பல வருடங்களுக்கு முன் அப்பாயியின் தம்பி பக்கவாதத்தில் படுத்தார். அவர் கடைசி வரை டாக்டரிடம் போகவில்லை. சைக்கிளில் வந்து ஊசி போடுகிறவர்தான் அவருக்கு டாக்டர். அசதி என்றாலும் ஊசி, தலைவலி என்றாலும் ஊசி. ஒருமுறைகூட பிரஷர் பார்த்ததில்லை.

நண்பனிடம் நான் சொன்னது இதைத்தான். "நீ எம்.பி.பி.எஸ். டாக்டரையும் நர்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாய். எங்கள் தெருவில் போட்டி நர்ஸுக்கும் ஊசிக்காரருக்கும்தான்."

இந்த விவாதம் புதியதும் அல்ல. 'எல்.எம்.பி. டாக்டர்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பட்டம் இல்லாமல், குறுகிய காலப் படிப்பு முடித்த மருத்துவர்கள் அவர்கள். சுதந்திரத்துக்கு முன் நாட்டில் பட்டதாரி டாக்டர்களைவிட இவர்களே அதிகம். 1946இல் போர் கமிட்டி, இனி ஒரே தரத்தில் ஒரே வகை டாக்டர் போதும் என்று பரிந்துரைத்தது. கமிட்டியில் சிலர் மறுத்தும் எல்.எம்.பி. படிப்பு மறைந்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் புதிய டாக்டர்களில் பெரும்பாலோர் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள்.

பிறகு சத்தீஸ்கர் 2001இல் மூன்று வருடப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அசாமும் அதே வழியில் போனது. அசாம் சட்டம் செல்லாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசின் 2019 மருத்துவ ஆணையச் சட்டத்தில், 'சமுதாய சுகாதார வழங்குநர்' என்று ஒரு பிரிவினருக்கு வரம்புக்கு உட்பட்ட உரிமம் தரலாம் என்று வந்தபோது, டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

தமிழ்நாடு போன வழி கொஞ்சம் வேறு. புதிதாக ஒரு டாக்டரை உண்டாக்காமல், நர்ஸைப் பலப்படுத்தியது. அனைவருக்கும் மருத்துவம் என்ற சோதனை முயற்சிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை, எங்கள் வேப்பூர் என மூன்று ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். துணை சுகாதார நிலையத்தில் கூடுதலாக ஒரு நர்ஸ், மாத்திரைகள், சாதாரணப் பரிசோதனைகள். அவ்வளவுதான். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் என்றிருந்த சப் சென்டருக்குச் சர்க்கரை, பிரஷர்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இப்போது சப் சென்டரில் இருக்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள் நர்சிங் படித்தவர்கள்.

அதற்காக நர்ஸே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை. அப்பாயிக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்தது டாக்டர். அது தொடர்ந்து உள்ளே போகிறதா என்று பார்த்தது நர்ஸ். எதைத் தானே செய்யலாம், எதை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும். போன் எடுத்தால் பேச ஒரு டாக்டர் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நண்பனின் பயம் உண்மையாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. இந்த வேலையின் உயிரே பழக்கம்தான். எந்த வீட்டில் யார் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள் என்று தெரிய ஒரு வருடமாவது ஆகும். இப்படிப்பட்டவர்களை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு, நாளை இருப்போமா என்ற கவலையிலேயே விட்டால், அந்தப் பழக்கம் எப்படி வளரும்?

கடைசியில் நண்பன், "சரிடா, ஆனா அவங்களைப் பாதி டாக்டர்னு மட்டும் சொல்லாதே" என்றான். நானும் அதைத்தான் சொல்கிறேன். அவர் பாதி டாக்டர் இல்லை, முழு நர்ஸ். அப்பாயி இப்போது மாதம் முடிந்ததும் காலி அட்டையை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், நர்ஸம்மாவிடம் காட்டுவதற்கு.