காட்டுச் சூரியகாந்தி

கண்டியிலிருந்து மலைநாடு நோக்கிச் செல்வோர், வீதியோரச் சரிவுகளிலே பொன்மஞ்சள் பூக்கள் செறிந்த உயர்ந்த புதர்களைக் காணாதிருத்தல் அரிது. ஆளுயரத்தையும் விஞ்சி வளரும் இச்செடியைக் காட்டுச் சூரியகாந்தி என்கிறோம். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமே இதன் தாயகம். பிறநாட்டிலிருந்து வந்த இச்செடி, ஈரலிப்பான நம் மலைகளில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்கிறது. வெட்டினால் மீண்டுந் தழைக்கிறது. தண்டை நட்டாலும் வேரூன்றுகிறது.

பூவை வியந்து நோக்கும் நாம் இலையைக் கவனிப்பதில்லை. உலர்ந்த இலையின் 100 பங்கில் ஏறக்குறைய மூன்றரைப் பங்கு நைதரசனும் நான்கு பங்கு பொற்றாசியமும் உண்டு. மேற்குக் கெனியாவில் வேலியாக வளரும் இதனை உழவர் வெட்டி, மக்காச்சோள வயலுக்குத் தழைப்பசளையாக இடுகின்றனர். இலை விரைவில் உக்கி மண்ணோடு கலந்துவிடும்.

இதன் விஞ்ஞானப் பெயர் திதோனியா என்பதாகும். வைகறைத் தேவதையின் காதலன் திதோனசின் பெயரால் அமைந்தது அது. அவனுக்குச் சாகாவரம் வேண்டிய அத்தேவதை, மூப்பில்லா இளமையையும் கேட்க மறந்தாளாம். அவனோ இறவாமல் மூத்துத் தளர்ந்தான் என்பது கிரேக்கர் கதை.

பாதி வரம் கேட்பதன் துயரை நம் நாடும் அறியும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடையிலே உழவர் பட்ட இன்னல் சொல்லுந்தரமன்று. தழை இருக்கிறதே என்றனர் சிலர். கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேயருக்கு 175 கிலோகிராம் நைதரசன் வேண்டுமெனின், உலர்ந்த இலை 5 தொன் தேவை. பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு நீராதலால், வெட்டிச் சுமக்க வேண்டியது ஏறக்குறைய 25 தொன்! இருபது கிலோச் சாக்குகளாயின் 1,250 சாக்குகள். இவற்றைச் சுமக்கும் தோள்களைக் கணக்கிட்டோமா?

இன்னுமொன்று. அவரையினத்துச் செடிகளைப் போலக் காற்றிலுள்ள நைதரசனை இது ஈட்டித் தருவதில்லை. தான் நின்ற மண்ணின் சத்தையே திரட்டி இலையில் வைக்கிறது. ஓரிடத்துச் செல்வம் மற்றோரிடத்துக்குப் பெயர்கிறது, அவ்வளவே.

ஆதலால் இதனை இகழ வேண்டியதில்லை. நம் வீட்டுக் கத்தரிப் பாத்திக்கு இவ்விலையை நாம் இட்டு வருகிறோம். சிறு தோட்டத்துக்கு இது நல்ல துணை. பெருவயலுக்கோ பிற பசளைகளோடு சேர்ந்து உதவுமேயன்றித் தனித்து நின்று தாங்காது. வெட்டுவதாயின் பூத்து விதை முற்றுமுன் வெட்டுதல் நன்று. இலை இளசாயிருக்கும், விதை பரவி அயலிலுள்ள நாட்டுச் செடிகளை நெருக்குவதும் குறையும். செடி தருவது எவ்வளவு, மனிதர் சுமக்க வேண்டியது எவ்வளவு என்ற இரண்டையும் அறிந்து பயன்கொள்வதே அறிவுடைமை.