எஸ்டகாடா: முதல் வாளி ஒளிந்த காட்டோரம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குத் தென்கிழக்கே, காரில் போனால் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது எஸ்டகாடா. கேஸ்கேட் மலைத்தொடரில் பிறக்கும் கிளாக்கமஸ் ஆறு, காட்டை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாசலில் உள்ள சிற்றூர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். கடைத்தெருவை ஒரே மூச்சில் நடந்து முடித்துவிடலாம். சுவர்களில் தீட்டியிருக்கும் ஓவியங்களை நின்று பார்த்தால்தான் நேரமாகும். மரம் வெட்டிப் பிழைத்த ஊர். அந்தத் தொழில் தேய்ந்துபோன பிறகு இங்கே வருபவர்களில் ஒரு சாரார், கையில் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு புதருக்குள் தலையை விட்டுத் தேடும் ஜியோகேச்சிங் ஆட்டக்காரர்கள்.

ஆட்டம் எளியது. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். டப்பாவுக்குப் பெயர் கேச். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேல் கேச்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது ஒளிந்த இடம் எஸ்டகாடாவுக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டரில், ஒரு கிராமச் சாலையின் ஓரத்தில் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். மே 2 அன்று அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர், புதிய துல்லியம் எவ்வளவு என்று பார்க்க, மேலே சொன்ன சாலையோரத்தில், பீவர்க்ரீக் பகுதியின் மரங்களுக்கிடையே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து, எண்களை ஜி.பி.எஸ். ஆர்வலர்களுக்கு இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் குறிப்பேடு, பென்சில், புத்தகங்கள், வீடியோ, மென்பொருள், கவண், ஒரு டின் பீன்ஸ். ஏதாவது எடுங்கள், ஏதாவது வையுங்கள் என்பதுதான் அவர் போட்ட விதி. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் முதல் ஆளாகக் கண்டுபிடித்தார். ஆட்டத்துக்கு இன்றைய பெயர் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது.

இன்றைய விதிமுறைப்படி அந்த வாளிக்கு அனுமதி கிடைக்காது. பொதுவாகக் கேச்சை மண்ணில் புதைக்கக் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடிக்கும் என்பதால் உணவுப்பொருளும் வைக்கக் கூடாது. இரண்டையும் மீறியதுதான் முதல் வாளி! வாளி அழிந்துவிட்டது. 2003இல் அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். பீன்ஸ் டின் பிழைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களின் விழாக்களில் கண்காட்சிப் பொருளாகிவிட்டது. பலகை இருக்கும் இடம் பார்க்க ஒன்றுமில்லாத சாலையோரம்தான். நேரே அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, ஊருக்கும் அதற்கும் நடுவே உள்ள மைலோ மெக்கைவர் மாநிலப் பூங்காவில் இறங்கி, ஆற்றோரக் காட்டுப்பாதையில் நடப்பதையே நான் சொல்வேன்.

பாதையின் மேல்முனைக்குச் சற்று அப்பால் 1911இல் கட்டிய ரிவர் மில் அணை. எஸ்டகாடாவே இந்த ஆற்றின் மின்சாரத்தால் பிறந்த ஊர். நீர்மின் நிலையம் கட்டவந்த நிறுவனம் போர்ட்லண்டிலிருந்து மின்ரயில் பாதை போட்டது; 1905இல் ஊர் நகராட்சியானது; ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்காரர்கள் ரயிலேறி ஆறு பார்க்க வந்தார்கள். தண்டவாளம் போய்விட்டது. அந்தத் தடத்தின் ஒரு பகுதி இன்று போர்ட்லண்டிலிருந்து போரிங் வரை செல்லும் ஸ்பிரிங்வாட்டர் நடைபாதை. இதற்கெல்லாம் முன்னால் இந்த ஆற்றங்கரை சால்மன் மீனை நம்பி வாழ்ந்த கிளாக்கமஸ் பழங்குடியினருடையது. 1855 ஒப்பந்தத்தில் நிலம் கைமாற, அடுத்த ஆண்டே அவர்கள் மேற்கே கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். ஆற்றுக்கு மட்டும் அவர்கள் பெயர் நிலைத்தது.

மைலோ மெக்கைவர் பூங்காவின் பெரிய கதை 1970 ஆகஸ்ட் மாதத்துடையது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போரை ஆதரித்த முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன், போர்ட்லண்டில் தேசிய மாநாடு நடத்தவிருந்தது. அதிபர் நிக்சன் வருவதாகப் பேச்சு. எதிர்ப்பாளர்களும் திரண்டுவருவதாகத் தகவல். ரத்தக்களரியாகும் என்று மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. எச்சரித்தது. ஆளுநர் டாம் மெக்கால் குடியரசுக் கட்சிக்காரர், தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சில இளைஞர்கள் வந்து, ஊருக்கு வெளியே இலவச ராக் இசைவிழா நடத்தினால் கூட்டம் அங்கே போய்விடும் என்றார்கள். மெக்கால் இந்தப் பூங்காவையே திறந்துவிட்டார். ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 3 வரை ‘வோர்டெக்ஸ் 1’ நடந்தது. வந்தவர்களின் எண்ணிக்கையை முப்பதாயிரம் என்பாரும் உண்டு, லட்சம் என்பாரும் உண்டு. கஞ்சாப் புகையையும் ஆற்றில் ஆடையின்றிக் குளித்தவர்களையும் போலீஸ் கண்டுகொள்ளவில்லை. நிக்சன் வரவில்லை, போர்ட்லண்டில் பெரிய கலவரமும் இல்லை. நவம்பரில் மெக்கால் மீண்டும் வென்றார். அமெரிக்க வரலாற்றில் ஒரு மாநில அரசே முன்னின்று நடத்திய ராக் விழா இது ஒன்றுதான் என்பார்கள். அரசியல் சாதுரியத்துக்கு இதைவிட வேடிக்கையான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

விழா நடந்த மைதானத்தில் இப்போது புல்தான். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஜியோகேச்சிங்கின் அருமை தெரியும். பல கட்டங்களாகச் செல்லும் ‘மல்டி’ வகைக் கேச்சில், கல்வெட்டிலோ தகவல் பலகையிலோ உள்ள ஆண்டைக் கூட்டிக் கழித்தால்தான் அடுத்த இடத்தின் எண் கிடைக்கும். வரலாற்றுப் பலகை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிறவர்களும் அப்போது வரிவரியாகப் படிப்பார்கள். அதற்கு, ஒளித்தவர் நல்ல இடம் தேர்ந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த கேச்களுக்கிடையே 161 மீட்டர் போதும் என்று விதி இருப்பதால், எண்ணிக்கைக்காகவே சாலை நெடுக டப்பாவை இறைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதில் எனக்கு ஆர்வமில்லை.

ஓங்கி வளர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்களுக்கடியில் கருவியை முழுக்க நம்பக் கூடாது. இலைச்செறிவும் செங்குத்தான கரையும் சமிக்ஞையைத் திருப்பியடிக்க, முள் பத்துப் பதினைந்து மீட்டர் அலைபாயும். அனுபவசாலிகள் அப்போது கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவார்கள்: பாசி பிய்ந்த வேர், இயற்கையாக விழுந்திருக்க முடியாதபடி அடுக்கிய குச்சிகள், வெட்டுமரத்தின் அடிக்கட்டைப் பொந்து.

ஊருக்கு மேலே ஆற்றோடு ஏறும் 224ஆம் நெடுஞ்சாலைக் காடு வேறு கதை. 2020 செப்டம்பரில் ‘ரிவர்சைடு’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ அங்கே 1,38,000 ஏக்கரை எரித்தது. எஸ்டகாடா முழுவதும் வீடுகளை விட்டு வெளியேறியது. கருகிய மரங்களும் உருண்டுவரும் பாறைகளும் ஆபத்து என்று அந்தச் சாலை 2022 மே வரை மூடிக்கிடந்தது. மேலே போகிறவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பூங்காவுக்கும் பலகைக்கும் அந்தக் கவலை இல்லை, ஆனால் சொந்த வண்டி வேண்டும்; போர்ட்லண்ட் பக்கமிருந்து வரும் பேருந்து ஊரோடு நின்றுவிடும். அக்டோபர் முதல் மே வரை மழை விடாது. ஈரத்தாளில் பேனா எழுதாது, பென்சில் எடுத்துச் செல்லுங்கள்.